பென்சிலில் எழுதிய ஆஃப்

அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் அறுபது நாளும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். "சாப்டாச்சா சாமி?" "ஸ்கூலுக்குக் கெளம்பியாச்சா சாமி?" மற்றப் பத்து மாதமும் நான் மூதேவி, எருமை, நல்ல மனநிலையில் இருந்தால் பாப்பா. மாலை போட்டவர்கள் பெண்களை மாளிகைப்புறம் என்று கூப்பிட வேண்டும் என்பது முறை. அவ்வளவு நீளமாக அப்பாவுக்கு வாயில் வராது. அதனால் அம்மா சாமி, நான் சாமி, பால்காரர் சாமி, எங்கள் கேட் ஓரம் படுத்திருக்கும் நாயும் சாமி. அந்த நாயை யாரும் வெளியே அனுப்பவில்லை. என்னை அனுப்பினார்கள். அந்த அறுபது நாளுக்குள், மாதம் ஒருமுறை, நான்கு நாள்.

எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது இது. இப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை.

நாங்கள் நெய்வேலி க்வார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பெர்மனெண்ட் ஆனவர். நிலக்கரி வரும் பெல்ட்டில் ஷிப்ட் வேலை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் தொங்கும். அதில் அப்பா நீலப் பேனாவால் தன் ஷிப்டை எழுதி வைப்பார். ஒன்று, இரண்டு, நைட், ஆஃப். எங்கள் வீட்டில் பேச்சு, சாப்பாடு, டிவி சத்தம் எல்லாம் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் நடக்கும்.

எனக்கு மாதவிலக்கு ஆரம்பித்த வருடம் அம்மா அதே காலண்டரில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். அவளும் ‘ஆஃப்’ என்றே எழுதினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் அப்பாவுடைய லீவு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா பார்த்தால் அவருக்குப் புரியும். யாரும் வாயைத் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. பேனா ஆஃப் என்றால் அப்பா வீட்டில் இருப்பார். பென்சில் ஆஃப் என்றால் நான் வீட்டில் இருக்கக் கூடாது.

போகிற இடம், டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வடக்குத்து. ரிடையர் ஆனால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால் அப்பா அங்கே மனை வாங்கி வீட்டைப் பாதி கட்டிப் போட்டிருந்தார். முன்பக்கம் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருந்தது. பின்பக்கம் ஓர் அறை. பூசாத செங்கல் சுவர், கல்லாகிப்போன இரண்டு சிமென்ட் மூட்டை, ஒரு நாடாக் கட்டில், ஒரு பல்பு. ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, கதவு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே கொசு உள்ளே வந்துவிடும். அதில்தான் அப்பாவுடைய சாமி நான்கு நாள் இருக்க வேண்டும். அம்மா தூக்குவாளியில் சோறு கொடுத்து அனுப்புவாள். வாளியைத் திரும்பக் கொண்டுவந்தால் வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே எடுப்பாள்.

அம்மா ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. அதற்கு முன்னால், வடக்குத்து வீடு இல்லாத காலத்தில், அவளும் க்வார்ட்டர்ஸ் பின்கட்டு ஷெட்டில் கிடந்தவள்தான். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவளைப் பார்க்க வந்த பஜனைக் குழு ஆட்களிடம் அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "எல்லாம் நன்மைக்குத்தான் சாமி. இனிமே மாலை போட்டா தடங்கல் இல்ல." அம்மா படுத்தபடியே தலையை ஆட்டினாள்.

வடக்குத்து வீட்டின் முன்பக்கம் குடியிருந்த அக்கா, டவுன்ஷிப்பில் செடிகொடி பார்க்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். நான் பையோடு போய் நின்றாலே சிரிப்பார்.

"இன்னாம்மா, வந்துகினியா? இந்த மாசம் ஆஃபு ரெண்டு நாளு முன்னாடியே வந்துட்ச்சா?"

"ஆமாக்கா."

"விரதம் உங்கப்பாருக்கு, ஜெயிலு உனுக்கா? எங்க வூட்டுக்காரரும் ஒரு வருசம் மாலை போட்டாரு. எங்க வூடு அப்ப ஒரே ரூமு. நான் எங்க போறது? நீ போய்யா சாமின்னேன். கோயில் மண்டபத்துல போயி படுத்துகினாரு. நான் பாட்டுக்கு ஆக்கி தின்னுகினு இருந்தேன்."

"இத எங்கப்பாகிட்ட சொல்லுங்கக்கா."

"ஐயோ, நான் வாடகைக்கு இருக்கறவ. வூட்டு ஓனருகிட்ட நியாயம் பேசினா சாமான தூக்கி வெளிய வெப்பாருங்க." சொல்லிவிட்டு ஒரு கொசுவத்தியைக் கொண்டுவந்து கொடுப்பார். அதைக் கொளுத்தி, ஜன்னல் மேலே ஒரு செங்கல் எடுத்த பொந்தில் வைத்தால்தான் காற்றுக்கு அணையாமல் இருக்கும். இதை நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

பள்ளிக்கூடம் அதைவிட மோசம். டவுன்ஷிப் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில் வருவோம். ஆஃப் நாள்களில் மட்டும் நான் வடக்குத்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பாவும் அதே பஜனைக் குழு. அவளுக்கு விஷயம் தெரியும். ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் என் பெயரே ஆஃப் ஆகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கேட் அருகே நிற்கும் பையன்கள், "ஆஃப் வந்துருச்சுடா" என்பார்கள். ஒருவன் தினமும், "நாளைக்கு உனக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்பான். அவன் வாயில் ஒருநாள் ஜியோமெட்ரி பாக்ஸால் அடித்தேன். எனக்குத்தான் தண்டனை கிடைத்தது. ஏன் அடித்தாய் என்று டீச்சர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் வாயால் சொல்லக் கூடாத விஷயம், வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பெயர் சுத்தமாம்.

அப்பாவுடைய விரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொய்யாகச் சொல்லக் கூடாது, அவர் கடுமையாகவே இருப்பார். இரண்டு வேளைப் பச்சைத்தண்ணீர்க் குளியல், பாயில் தூக்கம், சவரம் கிடையாது, கோபப்படக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. ஆனால் மைன்ஸ் கேட்டில் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அப்பா வீட்டிலிருந்து வெறுங்காலோடு ஷிப்ட் பஸ் வரைக்கும் போவார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் மாட்டிக்கொள்வார். அது தோல் ஷூ. எட்டு மணி நேரம் காலில் கிடக்கும். அதற்குச் சாமி ஒத்துக்கொண்டது. நான் என் மேஜையில் உட்கார்ந்து படிப்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதை நான் பதினோராம் வகுப்பில் கேட்டேன்.

"கம்பெனி ரூல் சாமி அது," என்றார்.

"அப்ப கம்பெனி சாமிய விடப் பெருசாப்பா?"

மாலையில் இருந்ததால் அடிக்கவில்லை. மாலை கழற்றிய மறுநாள் காலையில், காபி குடித்துக்கொண்டிருந்தபோது அடித்தார். இரண்டு மாதம் அதை நினைவு வைத்திருந்தார்.

இன்னொன்று. பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாலாம் வகுப்பில் ஒரு ரப்பரைத் தொலைத்துவிட்டுக் கடன் கொடுத்தேன் என்று சொன்னதற்கு, பூஜை அறையில் ஒரு மணி நேரம் முட்டி போட வைத்தார். சனிக்கிழமை பஜனை முடிந்து பேசும்போதெல்லாம், "மனசுல இருக்கறத மறைக்காம சொல்றவன்தான் சாமி" என்பார். எல்லாரும் சரணம் சொல்வார்கள். நான் அதை நம்பினேன். அதுதான் என் தப்பு.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அப்பாவுக்குப் பதினெட்டாவது வருடம். பதினெட்டாவது தடவை மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று எடுத்துப் போவார், அதோடு குருசாமி ஆகிவிடுவார். எங்கள் பிளாக் முனையில் அப்பா படம் போட்ட ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தாடியோடு கும்பிட்டுக்கொண்டு இருந்தார். கார்த்திகையில் ஒரு தடவை வழக்கம்போல நான் வடக்குத்துப் போய்வந்தேன். மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. இயற்பியல் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் பள்ளியிலேயே எனக்கு வந்துவிட்டது. காலண்டரில் அம்மா பென்சிலில் எழுதியிருந்த நாளுக்கு ஒருநாள் முன்னால்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லப் போனேன். அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். என் மேஜையும் புத்தகமும் ஃபேனும் அங்கே இருந்தன. நான் சொல்லவில்லை. பெரிய திட்டமெல்லாம் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னட்டி, இன்னும் இல்லியா?"

"தள்ளிப் போயிருக்கு."

பொய். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நாப்கினைப் பேப்பரில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக் கழிப்பறையில் போட்டேன். வயிற்று வலியைப் பரீட்சைப் பயம் என்றேன்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் படி பூஜை. பதினெட்டாவது வருடம் என்பதால் பெரிதாக வைத்திருந்தார்கள். ஹாலில் மரப் படி பதினெட்டு அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு விளக்கு. ஐம்பது சாமிகள். அம்மா என்னைக் கூப்பிட்டாள். "நீ ஏத்துட்டி. பொண்ணு ஏத்தினா வெளங்கும்." பயந்தேன், அதை மறைக்கப்போவதில்லை. பாதியில் திரி அணையும், எண்ணெய் கொட்டும், யாராவது மயங்கி விழுவார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு விளக்கும் எரிந்தன. ஒன்றுகூட அணையவில்லை. சாமிகள் சாப்பிட்டுவிட்டு, பொங்கலில் நெய் நன்றாக விட்டிருந்தது என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பொங்கலை நான் பரிமாறினேன். இயற்பியலில் அந்த வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு ஆட்களை நான் சரியாகக் கணக்குப் போடவில்லை.

ஒரு வாரம் போனது. காலண்டரில் இருந்த பென்சில் ஆஃபை அம்மா அழித்துவிட்டு வேறு நாளுக்கு எழுதாமல் விட்டிருந்தாள். என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. நான் குளிக்கப் போனால் பின்னாலேயே வருவாள். பையைச் சோதித்தாள். ஒருநாள் காலையில் பெரிய நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"எவன்?"

"என்னது எவன்?"

"எவன்ட்டி அவன்? டியூசன்ல உள்ளவனா? தள்ளிப் போயிருக்கு தள்ளிப் போயிருக்குன்னா, பதினேழு வயசுப் பிள்ளைக்கு எதுக்குட்டி தள்ளிப் போவுது?"

எனக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அம்மா ஓங்கி அறைந்தாள். அம்மா மாலை போடவில்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. நான் எவனோடோ போயிருப்பேன் என்று அவளால் யோசிக்க முடிந்தது. என் வீட்டில், என் மேஜையில், சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருப்பேன் என்று யோசிக்க முடியவில்லை. அது அவளுக்கு நடக்கவே முடியாத விஷயம்.

மறுநாள் அப்பா முதல் ஷிப்ட் போனதும் அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் குறிஞ்சிப்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குறிஞ்சிப்பாடியில் எங்களை யாருக்கும் தெரியாது. பஸ் முழுவதும் அவள் வாய் சரணம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு சின்ன கிளினிக். பெண் டாக்டர். அம்மா மெதுவான குரலில், "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்து, "கடைசியா எப்பம்மா வந்துச்சு?" என்றார்.

"போன மாசம் நாலாவது வாரத்துல..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நீங்க இருங்க. பொண்ணு சொல்லட்டும்."

ஒருத்தர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வாயிலிருந்து தானாக வந்தது. "போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை."

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "பதினொரு நாள்தான ஆச்சு. எல்லாம் கரெக்டாத்தான இருக்கு? என்னத்துக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"

வியாழன், வெள்ளி, சனி என்று அம்மா மனதுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமைதான் படி பூஜை.

பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "இதுக்கு அதுவே தேவலையேட்டி. வயித்துல ஒன்னு இருந்திருந்தா கலைச்சிட்டுப் போயிருக்கலாம். இத எங்க போயிக் கலைக்க?"

இந்தப் பேச்சை நான் மன்னிக்கவில்லை. அவள் பயத்தில் சொன்னாள், அவளும் பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும், "உங்கப்பாட்ட வாயத் தொறந்த, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். சரி என்றேன். நிஜமாகவே சொல்லாமல்தான் இருந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை பஜனைக்குப் போயிருக்காவிட்டால்.

அன்று பஜனை முடிந்து அப்பா பேசினார். கடைசிப் பஜனை, நாலு நாளில் மலைக்குக் கிளம்புகிறார்கள். "பதினெட்டாவது வருசம், ஒரு கொறை இல்ல சாமி," என்றார். "வருசா வருசம் வீட்ல ஒரு தடங்கல் வரும். உங்களுக்கே தெரியும், பொம்பளப் பிள்ளை உள்ள வீடு. இந்த மார்கழியில அதுகூட வரல. சாமியே தள்ளிப் போட்டுட்டாரு. நான் கேக்கவே இல்ல, அவரே பண்ணிட்டாரு." அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்தார். ஐம்பது பேரும் சரணம் போட்டார்கள். முன் வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டார்! என் வகுப்புக்காரியும் அங்கேதான் இருந்தாள்.

அப்பாவும் காலண்டரைப் பார்த்திருக்கிறார். பென்சில் எழுத்து இல்லை என்றதும் அதை அற்புதம் என்று எடுத்துக்கொண்டார். அம்மா பார்த்தாள், பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டாள். நான் வீட்டில்தான் இருந்தேன் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என் உடம்பு, என் வலி, என் பொய். அதையும் எடுத்துத் தன் பதினெட்டாவது வருடத்துக்கு மாலையாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். கையில் ஷூ. வாசல் படியில் அதை வைத்துவிட்டுக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று எனக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"அப்பா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க சாமி."

"சாமி ஒன்னும் தள்ளிப் போடல. எனக்கு வந்துச்சு. நான் வடக்குத்துக்குப் போகல. இங்கயே இருந்தேன். படி பூஜைக்கு வெளக்கு ஏத்தினப்பவும் இருந்துச்சு."

சொம்புத் தண்ணீர் தீர்ந்த பிறகும் அவர் சொம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். தாடிக்குள் தாடை அசைந்தது. இரண்டு மாதமாக அடக்கி வைத்த கோபம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது தெரிந்தது. ஆனால் கழுத்தில் மாலை கிடந்தது.

"சாமி சரணம்," என்றார். பிறகு, "இது யார் யாருக்குத் தெரியும் சாமி?"

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. விரதம் என்ன ஆவது என்று கேட்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"சாமிக்குத் தெரியும்பா. அவரு ஒன்னும் சொல்லல."

அம்மா உள்ளே ஒரு பாத்திரத்தைத் தவறவிட்டாள். அப்பா சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "இருமுடிக் கட்டு நெறைக்கிறப்ப நீங்க அரிசி போட வேண்டாம் சாமி. யாராச்சும் கேட்டா வயித்து வலின்னு சொல்லிருங்க."

"பொய் சொல்லணுமா?"

"மாலையில இருக்கேன் சாமி. என்னைப் பேச வைக்காதீங்க."

"மாலை உங்களுக்குத்தானப்பா? அப்ப நீங்கதான வெளிய போகணும்? நான் ஏன் போகணும்?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவர் மாலையைக் கழற்றுவார், போக மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். நம்பிக்கை உள்ள மனிதர் அப்படித்தானே செய்வார்? விளக்கே தீட்டு என்றால் போகலாமா? அவர் போனார். ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று, தென்னங்கன்று வாங்கியாயிற்று, ஐம்பது பேரிடம் அற்புதம் என்று சொல்லியாயிற்று. ஷூவுக்கு வளைந்த விரதம் ஃப்ளெக்ஸுக்கும் வளைந்தது. என் ஒருத்திக்குத்தான் அது நான்கு வருடம் வளையவில்லை.

கட்டு நிறைப்பது கிளம்புகிற அன்று காலை, கோயில் மண்டபத்தில் நடந்தது. இருமுடிப் பையை விரித்துப் பிடித்திருக்க, வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மூன்று கைப்பிடி அரிசி போடுவார்கள். நான் பின்னால் தூண் ஓரம் நின்றேன். அப்பாவுக்குக் கட்டுக் கட்டிய மூத்த குருசாமி என்னைத் தேடினார். "சாமியே பாத்துக்கிட்ட பொண்ணு எங்கப்பா? மொத அரிசி அதுதான் போடணும். வாம்மா மாளிகப்பொறம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். வயிற்று வலி என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது.

"அப்பா என்னைப் போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

குருசாமி அப்பாவைப் பார்த்தார். "ஏன் சாமி?"

அப்பா ஒன்று அற்புதம் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை அவரே பொய் சொல்ல வேண்டும். அவருடைய நெற்றிச் சந்தனத்தின் மேல் வியர்வை வந்தது. அம்மா என் பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது... வெளையாட்டுக்குச் சொல்லுது சாமி," என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்க்காமல், "வாங்க சாமி. வந்து போடுங்க."

போட்டேன். மூன்று கைப்பிடி. அன்றைக்குப் பயப்படவில்லை. மண்டபத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா தூணைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துதான் நிறுத்திக்கொண்டேன். அன்று அங்கே இருந்த ஐம்பது பேரும் இன்றுவரை அதை அற்புதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா மலையிலிருந்து திரும்பி வந்து மாலையைக் கழற்றினார். மறுநாள் காலையில் காபி நேரத்தில் நான் அவர் எதிரே போய் நின்றேன், அடிக்கட்டும் என்று. அடிக்கவில்லை. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "அவளைச் சாப்பிடச் சொல்லு," "அவகிட்ட கையெழுத்து வாங்கிக்கோ," எல்லாம் அம்மா வழியாக. பத்து மாதம். என் பிளஸ் டூ மார்க்கைக்கூட அம்மாவிடம்தான் கேட்டார். ஆனால் மறுபடி கார்த்திகை வந்து மாலை போட்டதும் அவருக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. மாலை போட்டவர் யாரிடமும் பகை வைத்திருக்கக் கூடாதே. முதல் நாள் காலையில் குளியலறை வாசலில், பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க சாமி" என்றார்.

அப்போது நான் கல்லூரி முதல் வருடம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தேன். அந்தக் கார்த்திகைக்குக் காலண்டரில் அம்மா பென்சிலால் எதுவும் எழுதவில்லை. எனக்கு வந்த அன்று காலையில் நான் அப்பாவின் நீலப் பேனாவை எடுத்தேன். அவர் ‘இரண்டு’ என்று எழுதியிருந்த அதே கட்டத்தில், அதற்குக் கீழே, பெரிதாக எழுதினேன்: ஆஃப். வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா பூஜை முடித்துத் தண்ணீர் குடிக்க வந்தார். பார்த்தார். நான் நகரவில்லை. மேஜையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா எனக்கு இன்னொரு தோசையைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் என் பக்கம் நின்றது அந்த ஒரு தோசைதான். அதற்கு மேல் எதுவும் இல்லை.

அப்பா உள்ளே போனார். பாயைச் சுருட்டினார். இரண்டு வேட்டி, சந்தன டப்பா, சாமி படம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் சேஃப்டி ஷூ. வெறுங்காலோடு வடக்குத்துப் பஸ் பிடிக்கப் போனார். நான்கு நாள் அந்தப் பின்பக்க அறையில் இருந்து ஷிப்டுக்குப் போய்வந்தார். அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாடகைக்கு இருந்த அக்கா மூன்றாம் நாள் டவுன்ஷிப்பில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து சொன்னார். "உங்கப்பாரு பையும் பாயுமா வந்து நிக்கிறாருங்க. எனுக்கு ஒன்னுமே புரியல. வாய் சும்மா இருக்குமா? இன்னா சாமி, இந்த மாசம் உங்களுக்கு ஆஃபான்னு கேட்டுட்டேன். மொறைக்கிறாரு. மாலையில இருக்காரா, மொறைக்க மட்டுந்தான் முடிஞ்சுது."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ராவெல்லாம் கொசு புடுங்குதுன்னு சொல்லிகினு இருந்தாரு," என்றார். "எங்க வெச்சாலும் கொசுவத்தி அணைஞ்சி அணைஞ்சி போவுதாம்."

ஜன்னல் மேலே இருக்கும் பொந்தைப் பற்றி நான் சொல்லியனுப்பவில்லை.